அலியார் காக்காவின் கிணறு

யேசு மரி சூசை

இலுப்பைக்கடவை,
12.11.1975

அன்பு மகன் எட்வேட்டுக்கு,

அம்மா எழுதுவது. மடு மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், சம்பியாவில் நீயும், நீ படிப்பிக்கிற பிள்ளைகளும் அதேபோல் சுகமாக இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்கிறேன். உன் படம் வந்து சேர்ந்தது. கழுத்தெலும்பு தெரிகிறது, சமைக்கப் பஞ்சிப்பட்டு, கடையில் வாங்கும் பாணோடு காலம் தள்ளாதே. அக்கா அன்ரோனெற் பேசாலையில் நல்லாயிருக்கிறாள், தை மாதம் பிள்ளைப்பேறு, அதற்கு நான் ஒரு மாதம் அங்கே போய் நிற்பேன். இங்கே போன கிழமை மழை தொடங்கிவிட்டது, முற்றத்தில் கால் வைக்க இடமில்லை.

இனி, உனக்கு எழுதாமல் நாலு மாதமாக ஒளித்து வைத்திருந்த விஷயத்தைச் சொல்லப்போகிறேன், பதறாமல் வாசி. நீ போகுமுன் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிவிட்ட தண்ணீர் இறைக்கும் மெசின் இப்போது நம் வளவில் இல்லை. பழுதாகவும் இல்லை, விற்கவும் இல்லை. முதல் வருஷம் அது வந்த பிறகு நம் தோட்டம் எப்படி இருந்தது என்று உனக்கு எழுதியிருந்தேன், வெளிநாட்டு வெங்காயம் வராத காலமென்பதால் கிளிநொச்சியிலிருந்துகூட வியாபாரிகள் வீடு தேடி வந்தார்கள், அப்பா காலையில் மெசினைத் தொடக்கினால் பொழுதுபடும்வரை நிற்பாட்டமாட்டார். இந்த வருஷம் மாசி மாதமளவில் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பருப்பு எவ்வளவு நேரம் அவித்தாலும் அவியவில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன், கூப்பன் கடைப் பருப்பு பழசு என்றார். பிறகு வெங்காயத் தாள் நுனியில் கருகி, வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது, அதற்கு, "கச்சான் காத்து கடலில இருந்து உப்பை அள்ளிக்கொண்டு வருது, நீ சும்மா இரு" என்றார். நானும் சும்மா இருந்தேன், அது என் பிழை.

நமக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது அலியார் காக்காவின் வளவுதானே. அவருடைய பெண்சாதி ஆமினா அந்தச் சித்திரையில் கோயிலடிக் கிணற்றுக்குக் குடத்தோடு நடக்கத் தொடங்கினாள். ஏன் பிள்ளை அவ்வளவு தூரம் போகிறாய், இங்கே வந்து அள்ளன் என்று கேட்டேன். "உங்கட தண்ணியும் மாறிக்கொண்டு வருது அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஆடி மாதம் விவசாயக் கந்தோரிலிருந்து வஸீர் என்றொரு உத்தியோகத்தர் வந்தார். ஊரில் எந்தக் காணியில் தோட்டம் செய்யலாம், எதில் வீடு கட்டலாம், எதைத் தொடாமல் விடவேண்டும் என்று ஒரு திட்டம் போடுவதற்காம். ஒவ்வொரு கிணற்றிலும் கயிற்றில் போத்தல் இறக்கி மேல் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் வேறுவேறாக எடுத்துப் பார்த்தார். நம் கிணற்றடியில் நின்று, "ஐயா, மழைத் தண்ணி பாரம் குறைஞ்சது, நிலத்துக்குக் கீழ உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கும். வாளியால அள்ளினா ஒண்டும் செய்யாது. மெசின் போட்டு நாள் முழுக்க இழுத்தா அடியில கிடக்கிற உப்பு மேல ஏறும். கடல் பக்கத்துக் கிணறுதான் முதல் கெடும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம்! "என்ர மகன் வாங்கித் தந்த மெசின், என்ர கிணறு, நான் ஆரைக் கேக்கோணும்?" என்று அந்தப் பிள்ளையைப் படலைக்கு வெளியே அனுப்பிவிட்டார். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

அதற்கு நாலைந்து நாளைக்குப் பிறகு வண்டில் மாடு கேட்க அப்பா அலியார் காக்கா வீட்டுக்குப் போனார். இருங்கோ என்று கதிரை போட்டு, ஆமினா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், கோயிலடிக்குப் போகவில்லை, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே போட்டிருக்கிறாள். அப்பா ஒரு வாய் குடித்தாராம், வாயெல்லாம் உப்பாம். நிமிர்ந்து பார்த்தால் அலியார் காக்கா அதே தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, மாட்டின் கால் புண் ஆறிவிட்டது, நாளைக்கே கொண்டுபோங்கோ என்று கதைத்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அப்பா முழுக்கக் குடித்து முடித்துவிட்டு வந்தார். வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய் மெசினின் குழாயைக் கழற்றி வெளியே போட்டார். காய்க்கிற மிளகாய், மகன், அதையும் வாடட்டும் என்று விட்டுவிட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவுமில்லை.

அந்தத் திட்டத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தபோது வஸீர் தம்பி பேசத் தொடங்குமுன் அப்பா எழும்பி, "அலியாரின்ர கிணத்தைக் கெடுத்தது நான்தான், கச்சான் காத்தில்லை" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். பிறகு அலியார் காக்கா, "அமிர்தநாயகம் அண்ணன், கிணறு ஆறும், முதல்ல இருங்கோ" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது. நாங்கள் குடியிருக்கிற மணல் திட்டியில் இனி ஒருவரும் மெசின் போடுவதில்லை, அந்தத் தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும் மட்டும். தோட்டமெல்லாம் குளத்துக்குக் கீழே உள்ள காணிக்குப் போகிறது. கடல் ஏறிவருகிற வாய்க்காலுக்கு மண்ணணை கட்டிப் பலகைக் கதவு போட்டாயிற்று. மெசினும் குளத்தடியில்தான் நிற்கிறது, அப்பாவும் அலியார் காக்காவும் பக்கத்துப் பக்கத்துத் துண்டில் கூட்டாக மிளகாய் நாற்றுப் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் பருப்பு பழையபடி அவிகிறது. ஆமினாவின் கிணறு நல்ல தண்ணீராக இரண்டு மாரியாவது வேண்டுமாம், அதுவரை அவள் நம் கிணற்றில்தான் அள்ளுகிறாள், இரண்டு பேரும் கதைத்துக் கதைத்து அடுப்பை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. கடற்கரைப் பக்கம் நீ வீடு கட்டுவதற்கென்று வைத்திருந்த காணித் துண்டு திட்டத்தில் பனைக்கும் தென்னைக்கும் விடுகிற பகுதிக்குள் போய்விட்டது. அங்கே வீடும் கிணறும் வந்தால் திட்டித் தண்ணீருக்குக் கூடாதாம். உன்னைக் கேட்காமலே அப்பா ஒப்பம் வைத்துவிட்டார். மெசின் நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் எழுது, மற்றதெல்லாம் அவன் வந்த பிறகு சொல்லலாம் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, காய்ச்சல் மாதிரி இருந்தால் உடனே டொக்டரிடம் போ. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உனக்குக் கோபமென்றால் எனக்கு எழுது மகன், நான் வாசித்துவிட்டு அடுப்புக்குள் போட்டுவிடுவேன். கோபமில்லை என்றால் அப்பாவின் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் நான் போவதற்கு முன்னம் அவர் படலையில் நிற்கிறார்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
அ. றோசம்மா