இடது பக்கக் கதவு

டேய் மச்சான்,

காலையில் வேனைக் கழுவலாம் என்று ஒரு வாளி தண்ணீரோடு வெளியே வந்தேன். இடது பக்கக் கதவுக்கிட்டே போனதும் குப்பென்று சேற்று வாடை. உப்பும் அழுகின நண்டும் கலந்த மாதிரி. நேற்று கேரி தீவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த சேறு. கதவைப் பார்த்தேன். துணியை வாளிக்குள்ளேயே போட்டுவிட்டு, வாசப்படியில் உட்கார்ந்து உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். மூணாம் வகுப்பே முடிக்காதவன் கடிதாசி எழுதுறான் பாரு என்று சிரிக்காதே. நீ மட்டும் என்ன, சரக்குச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினவன்தானே.

செல்விதான் இதை ஆரம்பித்தாள். நீ போன பிறகு உன் பெண்டாட்டிக்கு ஃபோன்தான் துணை.

“அண்ணே, பழைய லோரிக் கதவெல்லாம் கொண்டு போயி கேரி தீவு சேத்துல நட்டு வச்சிருக்காங்களாம். கலையாம். நம்ம லோரிக் கதவும் இருக்குமோ என்னமோ.”

“இருந்தா என்னம்மா, கழட்டிட்டு வந்து குளிக்கிற ரூமுக்கு மாட்டப் போறியா?”

“உங்க வாய் இருக்கே. வர முடியுமா முடியாதா, அத சொல்லுங்க லா.”

போனோம். நம் லோரி பழைய இரும்புக் கடைக்குப் போனது உனக்குத் தெரியாது. நீ போய் ஆறு மாதத்தில் அதுவும் போய்விட்டது; இப்போது இந்த வேன்தான்.

செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு பலகைப் பாலம் போட்டிருந்தார்கள். வாசலில் நின்ற பெண் சொன்னாள்: “அங்கிள், சாயங்காலம் தண்ணி ஏறும். மைக்கில கூப்பிட்டா உடனே திரும்பிடுங்க.” “கூப்பிடலேன்னா அங்கேயே தங்கிக்கலாமா?” என்றேன். அவள் சிரித்தாள். அதுதான் மச்சான், அங்கே நான் விட்ட கடைசிக் கிண்டல்.

கண்டல் மரங்களைத் தாண்டினதும் வெட்டவெளி. கடல் எங்கேயோ பின்வாங்கிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் சாம்பல் நிறச் சேறு; தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் குச்சி குச்சியாக. நடுவில் வரிசை வரிசையாக லோரிக் கதவுகள் நின்றன. அத்தனை லோரியும் சேற்றுக்குள் புதைந்து, கதவு மட்டும் தலைநீட்டிக் கொண்டிருப்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கயிற்றில் கட்டின ஒரு மரக்கட்டை. ஜன்னல் ஓட்டைகளில் காற்று புகுந்து ஊ என்றது. கொஞ்சம் நடந்த பிறகுதான் எனக்குப் பட்டது, எல்லாமே இடது பக்கக் கதவு. ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் ஜன்னலுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து போயிருந்தது.

அது என்ன தேய்மானம் என்று அங்கே வந்திருந்த படித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். இருபது வருஷம் நான் ஸ்டேரிங்கைப் பிடித்தேன். நீ கெலிண்டான், லோரிக்கு உதவியாள், இடது சீட்டில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்ப்பாய். நான் கோஸ்தான் போட்டு லோரியைப் பின்னால் எடுக்கும்போது உன் உள்ளங்கைதான் எனக்குக் கண். கதவில் ரெண்டு தட்டு தட்டினால் போ. ஒரு தட்டு தட்டினால் நில்.

பூச்சோங்கில் ஒரு தரம், மழைத் தூறலில் வீடு கட்டுகிற இடத்துக்குக் கல் இறக்கப் போனோம். ஒரு தட்டு விழுந்தது. “இன்னும் இடம் இருக்குடா, குருட்டுப்பயலே” என்று திட்டிக்கொண்டே இறங்கினேன். பின் டயருக்கும், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைக்கும் நடுவில் ஒரு சாண். நீ சூயிங்கம் மென்றுகொண்டே சொன்னாய்: “தட்டுனா நில்லு. காரணத்த அப்புறமா கேளு.”

அந்தப் பேச்சைத்தான் நான் கடைசியில் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் வாயில் குழாய். “என்னடா, டீசலா ஊத்துறாங்க?” என்றேன். கண்ணாலேயே சிரித்தாய். செல்வி கீழே சாப்பிடப் போயிருந்தாள். உன் கை நிறம் மாறியிருந்தது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. “சிமெண்ட் ஏத்தணும்டா, போய்ட்டு வரேன்” என்றேன். கட்டில் கம்பியில் நீ ஒரு தட்டு தட்டினாய். நான் கதவுக்கிட்டே நின்று, “இன்னொண்ணு எங்கடா, கஞ்சப்பயலே” என்று சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். சிமெண்ட்டை இறக்கி முடிக்கும் முன்னால் ஃபோன் வந்தது.

செல்வி கேட்டாள், கடைசியாக என்ன சொன்னார் என்று. “ரெண்டு தட்டு தட்டினான்மா. நல்லபடியா போய்ட்டு வான்னு அனுப்பி வச்சான்” என்றேன். அதையே அவள் வருகிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி ஆறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தரமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

நேற்று பாலத்துக் கடைசியில் ஒரு நீலக் கதவு நின்றது. நம்முடையதா என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்த நேரம் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல், சேறே தண்ணீராக மாறின மாதிரி. மரக்கட்டைகள் மிதந்து எழுந்து கதவுகளில் மோத ஆரம்பித்தன. டொப். டொப் டொப். முன்னால், பின்னால், எல்லாப் பக்கமும். செல்வி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீலக் கதவில் ஒரே ஒரு தட்டு விழுந்தது. என் வலது கால் தன்னால் பிரேக்கை அழுத்தின மாதிரி பலகையை அழுத்தியது. அப்படியே நின்றுவிட்டேன்.

“என்னண்ணே, இன்னொரு தட்டு வந்தாதான் நகருவீங்களா?” என்றாள் செல்வி.

காத்திருந்தோம். மற்ற கதவெல்லாம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நீலக் கதவின் கட்டை தண்ணீரில் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதிலிருந்து சத்தம் வரவேயில்லை.

“அன்னிக்கு அவன் ஒரு தட்டுதாம்மா தட்டினான். இருன்னான். நான்தான் போயிட்டேன்.”

அவள் சட்டையை விட்டுவிட்டாள். மைக்கில் கூப்பிட்டார்கள். முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். கைப்பிடிக் கம்பியெல்லாம் சேறு. அதையே பிடித்துக்கொண்டு போனாள். கிள்ளான் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கிக் கதவை அடைத்தாள். நான் கோஸ்தான் போட்டேன். திரும்பி வந்தாள். கதவில் படாரென்று ஒரு தட்டு.

நின்றேன்.

“இப்ப நிக்கத் தெரியுதுல்ல?”

“தெரியுதும்மா.”

“இறங்குங்க. அவரு கூட இருந்தத மொதல்லேருந்து சொல்லுங்க. சிரிச்சது, முழிச்சது, எல்லாம். பொய் கலக்காதீங்க.”

சொன்னேன். டீசலுக்குச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். “என்னையாவது மேல கூப்பிட்டிருக்கலாமே ணே” என்றாள். சோறு போட்டாள், சாப்பிட்டேன். கிளம்பும்போது வாசல் கேட் பக்கத்திலேயே நின்றாள். வேன் பக்கம் வரவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டுதான் வேனை எடுத்தேன்.

அதனால்தான் மச்சான் இந்தக் கதவைக் கழுவ முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். செல்வி தட்டினது ஒரு தட்டு. காய்ந்த சேற்றில் ரெண்டு கை அச்சு இருக்கிறது. ஒன்று சின்னது. மற்றது ஜன்னலுக்குக் கீழே, என் கையை வைத்துப் பார்த்தேன், என்னைவிடப் பெரிசு. அங்கே வந்திருந்த யாராவது சாய்ந்திருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

ஆனால் இனிமேல் யாருடைய கட்டில் பக்கத்தையும் விட்டுவிட்டு நான் சிமெண்ட் ஏற்றப் போக மாட்டேன். இன்னொன்று எங்கே என்று கேட்டேனே, அதைத் தர இவ்வளவு நாளாடா, கஞ்சப்பயலே? வாளித் தண்ணீர் அப்படியே இருக்கிறது. கழுவ வேண்டாம் என்றால் ஒரு தட்டு தட்டு. காரணம் கேட்க மாட்டேன்.