சிதோனியின் நூற்றைந்து படிகள்

ரொதேஸ்,
3 நவம்பர் 1911

பிரியமுள்ள ஒக்தாவ் அண்ணாவுக்கு,

வாதம் வந்து விழுந்த அப்பாவுக்கு வலது கை இன்னும் வரவில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. "நம்பரோட குடித்தனம் பண்றவளுக்கு மாப்பிள்ளை எங்கடி தேடறது?" என்று படுக்கையிலிருந்தே வம்பு.

நம் முப்பத்துமூன்று இலக்க எண்ணில் அறுபதாம் படி முடிந்தது. மீதியை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, நம் எண்ணால் வகுத்து, வரும் மீதியோடு மறுபடி தொடங்க வேண்டும். அப்பாவைப் பார்த்துக்கொண்டு ஒரு படிக்கு ஒரு வாரம் ஆகிறது. நூற்றைந்தாம் படியில் மீதி பூஜ்யம் என்றால் அது பகா எண்; வேறு எது வந்தாலும் இல்லை.

நீங்கள் லியோனில் இதே கணக்கைத் தனியாகப் போடுவதுதான் எனக்குத் தெம்பு. நீங்கள் கேட்டபடி என் மீதிகளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஒப்பிட மட்டும்தான், பார்த்துப் போடாதீர்கள். கணித சஞ்சிகையில் நம் இருவர் பெயரும் வரும் என்றீர்களே, அதை நினைத்தால் கை தானாக ஓடுகிறது.

உங்கள் தங்கை,
சிதோனி

லியோன்,
20 அக்டோபர் 1912

அன்புத் தங்கைக்கு,

உன் கடைசி மீதியும் என்னுடையதும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போகின்றன! பூஜ்யம் இல்லை, நம் எண் பகா எண் அல்ல. இரண்டு முறை தனித்தனியாகக் கணக்கிட்டது என்று சஞ்சிகைக்கு எழுதிவிட்டேன். பெயர் மட்டும் என்னுடையது. பள்ளியில் எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம், நீ புரிந்துகொள்வாய்.

ஒக்தாவ்

ரொதேஸ்,
9 பிப்ரவரி 1914

அண்ணா,

நம் எண்ணையே போட்ட யாரோ ஒருவருக்குப் பூஜ்யம் வந்திருக்கிறதாம். சஞ்சிகையில் பார்த்ததும் எல்லாத் தாள்களையும் எடுத்துப் போட்டுத் தேடினேன். அறுபத்தொன்றாம் படியில் ஒரு நாலும் ஏழும் இடம் மாறியிருக்கின்றன. அன்றைக்குத்தான் அப்பா கட்டிலிலிருந்து விழுந்தார். இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்துப் பார்க்கும் சோதனையில் அது சிக்கவில்லை. இடம் மாறினாலும் கூட்டுத்தொகை அதேதானே. தவறு என்னுடையது. அழுதேன், அது போகட்டும்.

ஆனால் தனியாகப் போட்ட உங்களுக்கும் அதே மீதி எப்படி வந்தது? லியோனிலும் அன்றைக்கு யாராவது கட்டிலிலிருந்து விழுந்தார்களா? ஒரு படியாவது போட்டீர்களா? சஞ்சிகைக்கு உண்மையை எழுதுங்கள்.

சிதோனி

லியோன்,
2 மார்ச் 1914

அன்புத் தங்கைக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். பள்ளி, பிள்ளைகள் என்று எனக்கு மூச்சுவிட நேரமில்லை. உன் கணக்கை அவ்வளவு நம்பினேன், அது ஒரு குற்றமா? நீ கேட்டபடி எழுதிவிட்டேன்: கணக்குப் போட்டது என் தங்கை சிதோனி, பிழை அவளுடையது என்று. ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு வருகிறோம். நல்ல ஆட்டுத்தொடையாகச் சொல்லி வை.

ஒக்தாவ்

ரொதேஸ்,
28 மார்ச் 1914

ஒக்தாவ்,

சஞ்சிகை வந்தது. என் பெயரை முதல்முறையாக அச்சில் பார்த்தேன். அப்பா வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். "சரியா இருந்தா அவன் பேரு, தப்பா இருந்தா உன் பேராடி?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறுபத்தொன்றிலிருந்து மறுபடி போடுகிறேன். நாற்பத்தைந்து வாரம் ஆகும். பூஜ்யம்தான் வரும் என்று உலகத்துக்கே தெரியும். என் கையால் ஒருமுறை அது வர வேண்டும்.

ஈஸ்டருக்கு வர வேண்டாம்.

சிதோனி