காவல்காரர் எந்தக் கட்சி?

மார்ச் 3

இன்று சலவைக் கடையில் பதினேழு சட்டை, ஒரு கோட்டு. இஸ்திரிப் பெட்டி சூடாகும் இடைவெளியில் போனில் குழுவைப் பார்த்தேன். அப்பா மறுபடியும் மந்திரியைப் பற்றி ஒரு ஜோக் போட்டிருந்தார். தூக்கிவிட்டேன்.

எங்கள் ஊர் நகைச்சுவைக் குழுவின் முதல் விதி, அரசியல் கூடாது. அதைக் காப்பது என் வேலை. அங்கே என் பெயர் ‘காவல்காரர்’. குழுவை ஆரம்பித்தவர் என்னைத் தேர்ந்தெடுத்ததே நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாததால்தானாம். பள்ளியில் இதே குணத்துக்குக் கடைசி பெஞ்ச் கிடைத்தது.

அப்பாவுக்கு இது தெரியாது. சாப்பிடும்போது சொன்னார்: “எவனோ ரிட்டையர் ஆன கிழம். வீட்ல பேச்சு எடுபடாது, இங்க வந்து அதிகாரம் பண்றான்.”

வீட்டில் பேச்சு எடுபடாதது உண்மைதான்.

மார்ச் 9

இன்று சித்தப்பா. அப்பாவின் தலைவர் லிஃப்டில் மாட்டிக்கொள்கிற ஜோக். அப்பா லிஃப்ட் மெக்கானிக். குத்து யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். அரை நிமிஷத்தில் தூக்கினேன்.

போன தேர்தலின்போது சித்தப்பாவின் சலூனில் கட்சிச் சண்டை போட்டு, பாதி வெட்டிய முடியோடு எழுந்து வந்தவர் அப்பா. பத்து மாதமாகப் பேச்சில்லை. ஆனால் குழுவில் சித்தப்பாவின் பூனை ஜோக்குக்கு அப்பா மஞ்சள் சிரிப்பு முகம் ஒன்று போடுவார். மறுநாள் அப்பாவின் ஜோக்குக்குச் சித்தப்பா போடுவார். அண்ணன் தம்பிக்குள் மிச்சம் அவ்வளவுதான். அரசியல் உள்ளே வந்தால் அதுவும் போய்விடும்.

மார்ச் 14

சித்தப்பாவின் பல்லி ஜோக்குக்கு அப்பா சிரிக்கவில்லை. நல்ல ஜோக்.

மார்ச் 15

காரணம் தெரிந்தது. அம்மாவிடம் பொரிந்துகொண்டிருந்தார்: “என்னுது மட்டும் பறக்குது, அவன் போட்டது ஒண்ணுகூடப் போகல. அந்தக் காவல்காரன் அவன் கட்சி ஆளு!”

மதியம் சித்தப்பாவிடமிருந்து காவல்காரருக்குத் தனிச்செய்தி: “ஐயா, உங்க கட்சிக்காரர் லிஃப்ட்காரருக்கு மட்டும் சலுகையா? ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் குழுவை விட்டே போயிடுவேன்.”

என் சொந்தச் சித்தப்பா என்னை ஐயா என்கிறார்.

நான் இவ்வளவு வேகமாகத் தூக்கினால் தன்னுடையது போனது மட்டும்தானே ஒருவருக்குத் தெரியும்? மற்றவர் போட்டது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சண்டை வராமல் காக்கப் போய் நானே மூட்டிவிட்டேனா? நேரில் சொல்லிவிடலாமா — சொல்ல எனக்கு வாய் வரணுமே!

மார்ச் 17

செய்துவிட்டேன். குழுவில் என் முதல் அறிவிப்பு. இந்த மாதம் நீக்கியவை எத்தனை, யார் போட்டவை என்று. லிஃப்ட்காரர் பன்னிரண்டு. சலூன்காரர் பன்னிரண்டு. அனுப்பும் கவனத்தில் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்ததில் யாரோ ஒருவரின் தலையணை உறையில் பழுப்புத் தடம். முதலாளியம்மாவிடம் திட்டு.

சாயங்காலம் அப்பா அதை நாலு தடவை படித்தார். பிறகு போனோடு மொட்டை மாடிக்குப் போனார். நான் படியில் நின்றேன்.

“என்னடா… உன்னுதையும் பன்னண்டு தூக்கிட்டானா?”

பத்து மாதம் கழித்து முதல் வாக்கியம்!

“எங்க, அதுல ஒண்ணு சொல்லு.”

சித்தப்பா லிஃப்ட் ஜோக்கைத்தான் சொன்னார் போலிருக்கிறது. அப்புறம் அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார். காவல்காரரை மாற்றச் சொல்லி இரண்டு பேரும் மனு எழுதுகிறார்கள்!

“பாப்பா, நீதான் சட்டுனு டைப் பண்ணுவே. உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“ஒருதலைப்பட்சம்னு போடும்மா” என்றார் அப்பா.

“ஆமா, அவன் உங்க கட்சிதானே அண்ணே.”

“என் கட்சியா? என் பன்னண்டையும் தூக்கினவனா?”

அப்பா யோசித்தார். “சரி, எந்தக் கட்சியும் சேத்துக்காத பயன்னு போடு.”

போட்டேன். ‘பய’ மட்டும் ‘ஆள்’ ஆனது.

விதிப்படி, குழுவில் போட்ட இந்த மனுவும் அரசியல்தான். நான் நீக்கவில்லை.

இப்போது முன்னறையில் இருவரும் தேர்தலைப் பற்றிக் கத்துகிறார்கள். போன தடவை அளவுக்கே சத்தம். போய் நிறுத்தலாமா என்று எழுந்தேன். திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். மணி மூன்றாகிறது. சித்தப்பா இன்னும் கிளம்பவில்லை.