கட்டெறும்பின் வண்டிக்கு நாலு டயர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கட்டெறும்பு, என் பெரியவளே, இன்றைக்கும் உன் வண்டியைத் துடைத்தேன். நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது, ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஷெட்டில் நாலு கட்டை மேல், சக்கரம் இல்லாமல், காலை மடக்கிப் படுத்த மாதிரி நிற்கிறது. ரெண்டு பேர் மட்டும் உட்காருகிற இந்த ஸ்போர்ட்ஸ் காரை நசுங்கின இரும்பாக வாங்கி வந்து மூன்று வருஷம் தட்டி நிமிர்த்தினாயே, அந்தக் கதவில் இப்போது என் முகம் தெரிகிறது. அவ்வளவு பளபளப்பு.

கடைசியாக நீ வாங்கி வைத்த புது டயர் நாலும் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றையும் பிளாஸ்டிக்கைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி சுற்றி வைத்தேன்.

இது உன் வண்டி நோட்டு. நீ முப்பது பக்கம் எழுதியிருக்கிறாய், மிச்சம் வெள்ளை. நாலாவது வரை படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். சிரிக்காதே.

ஆகஸ்ட் 6

சாப்பிடும்போது சின்னவள் சொன்னாள். "அம்மா, அடுத்த மாசம் ஓட்டப்போறேன்."

"என்னத்தை?"

"அக்கா வண்டியை. பேர் குடுத்துட்டேன்."

பழைய விமான ஓடுதளத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்ப்பார்களே, அங்கேதான். நீ ஓட்டின அதே இடம்.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேளை, ஓட்டி முடிச்சிட்டு வந்து சொல்லலை" என்றார்.

நான் முடியாது என்றேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும். அவளும் விடவில்லை. "அக்காவை வண்டியாம்மா கொன்னுச்சு?"

இல்லை. வண்டி இல்லை. ஒர்க்‌ஷாப்பில் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சாய்ந்தாய். தலைக்குள் நரம்பு வெடித்ததாம். காலையில் தலை வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. கூட உட்கார்ந்திருந்தவர்கள் நீ தூங்குவதாக நினைத்தார்களாம்.

அதற்காக? ஒன்று போனால் போகட்டும், இன்னொன்றையும் அனுப்பிவிட்டு நான் வாசலில் நிற்கணுமா?

ஆகஸ்ட் 7

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இன்றைக்கு வேலையில் மனமில்லாமல், மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி மடித்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு விரிப்பு இருக்கும். பக்கத்து மேஜைக்காரி, "ஆஸ்பத்திரில படுக்கறவங்களுக்கு இவ்வளவு மடிப்பு எதுக்கு அக்கா, கல்யாணத்துக்கா போறாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா சொல்கிறார், "நீ வேண்டாம்னா அவ நிக்கவா போறா? பெரியவ நின்னாளா?" அவருக்கும் பயம்தான். சொல்லும்போது, காலில் போட்டிருந்த செருப்பையே தேடிக்கொண்டிருந்தார்.

சின்னவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். மருந்துக்கடை வேனை நாள் முழுக்க ஓட்டுகிறாள். ஆனால் வேன் வேறு, இது வேறு. நீயே சொல்லுவாய், இந்த வண்டி மிதிக்கும் முன்னாலேயே போகும் என்று.

கடைசியில் நான் சொன்னேன், "ஓட்டறதா இருந்தா அக்கா வாங்கின டயர்லதான் ஓட்டணும்."

அவள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. நீ ஆறு மாதம் கடை கடையாக அலைந்து, ரப்பரைக் கிள்ளிப் பார்த்து எடுத்த டயர். நீ பார்த்து எடுத்தது அவளைக் கீழே விடாது என்று ஒரு நினைப்பு.

ஆகஸ்ட் 16

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

நாலு டயரையும் வேனில் போட்டுக்கொண்டு நீ போகும் டயர்க்கடைக்கே போனோம். கடைக்காரர் உன்னை ஞாபகம் வைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருக்கிறாரே, அவர்தான். பிளாஸ்டிக்கைப் பிரித்தார். கட்டைவிரலால் அமுக்கினார். அமுக்கின இடம் எழும்பவில்லை. மோந்து பார்த்தார்.

"இதை எவன் எண்ணெயில ஊறப் போட்டான்?"

நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"பிளாஸ்டிக்லயேதான் சார் இருந்துச்சு" என்றாள் சின்னவள்.

"எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிப்போகும்மா. தொட்டுப் பாரு, கொழகொழன்னு. இதை மாட்டிட்டு வேகமா வளைவுல போனா ரோட்டைப் பிடிக்காது. மேல் தோலு உரிஞ்சு வந்தாலும் வந்துடும். இது டயர் இல்ல, வாழைப்பழத் தோலு." அப்புறம் அவரே சொன்னார், "இங்க எடுக்கலை இல்ல? எவனோ கழிச்சுக்கட்டின சரக்கைப் பளபளன்னு பண்ணிக் குடுத்திருக்கான். பாவம், அவ்வளவு விவரமான பொண்ணு. ஏமாந்திருக்கு."

ஒரு டயரை மட்டும் நன்றாகப் பார்க்கிறேன் என்று வைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் சின்னவள் பொரிந்து தள்ளினாள். விற்றவன் கடையைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்கப் போகிறாளாம். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான்தான்டி. நான்தான்.

எங்கள் சலவைக்கூடத்தில் பழைய மெஷினுக்குத் தோல் பட்டை உண்டு. வாரம் ஒருதரம் எண்ணெய் போடாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும். இருபது வருஷமாக அந்தப் பட்டையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு வெடிப்பு இல்லை. உன் டயரும் காயக் கூடாது என்று அதே எண்ணெயை, அதே துணியில்… ஒரு இடம் விடாமல், உள்பக்கம்கூடக் கைவிட்டுத் தடவினேன். அறுபது ஞாயிறு.

இன்னொன்று. உனக்கு மட்டும் சொல்கிறேன். அவர் 'ரோட்டைப் பிடிக்காது' என்று சொன்னபோது ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. டயர் இல்லை என்றால் ஓட்டம் இல்லையே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வழக்கம்போல எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்தபிறகுதான் உறைத்தது.

அடுத்த அறையில் சின்னவள் அப்பாவிடம், "அக்காவை எவனோ நல்லா ஏமாத்திட்டான்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை. உன்னை ஒருத்தன் ஏமாற்ற முடியுமா? நீ காய்கறி வாங்கினால்கூடக் கடைக்காரர்தானே பயப்படுவார்!

பொறுக்கவில்லை. துணியோடவே போய் நின்றேன். "அவ ஏமாறலை. யாரையும் போய்ச் சட்டையைப் பிடிக்காத. நான்தான் எண்ணெய் போட்டேன்."

அப்பா, "எத்தனை தடவை?" என்று கேட்டார். பாவம், வேறு என்ன கேட்பார்.

"எல்லா ஞாயித்துக்கிழமையும்."

சின்னவள் முகம் சிவந்து, "அவ தொட்டு வாங்கின கடைசிச் சாமான்மா அது!" என்றாள்.

"அதனாலதான்டி தடவினேன்!"



ஆகஸ்ட் 20

சின்னவள் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள். தண்ணீர் வேண்டும் என்றால் அப்பாவிடம் கேட்கிறாள், செம்பு என் பக்கத்தில் இருக்கும்போது.

ஆகஸ்ட் 23

கடைக்காரர் வைத்துக்கொண்ட டயரை அவளே போய் வாங்கி வந்துவிட்டாள். ஷெட்டில் நாலையும் சோப்புத்தண்ணீர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

பேச்சை விட்ட பிறகு முதல் பேச்சு இதுதான்: "அஞ்சு நிமிஷம் ஓட்டறதுக்கு இது தாங்கும். அக்கா டயர்லதான் ஓட்டணும்னு நீதானே சொன்னே."

என் வாயாலேயே சொன்னது. வாசலுக்கும் ஷெட்டுக்குமாக எத்தனை நடை நடந்தேன் என்று தெரியாது. அவள் அக்காமேல் உள்ள பாசத்தில் வாழைப்பழத் தோலில் ஓட்டப் போகிறாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். உங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே குணம். வேறு நல்ல டயரைக் கொண்டுவந்து போட்டால்தான் இதைக் கீழே வைப்பாள். யார் போய் எடுப்பது? எனக்கு டயரைப் பற்றி என்ன தெரியும், எண்ணெய் போடக் கூடாது என்பதைத் தவிர?

ஆகஸ்ட் 26

போனேன். சலவைக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வேலைக்குப் போடும் நீலக் கோட்டோடவே.

"வா தங்கச்சி" என்றார் கடைக்காரர். சின்னவள் எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல. "எண்ணெய் டப்பா வெளியிலயே இருக்கட்டும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்.

வரிசையாகக் காட்டினார். ஒன்று உன்னுடைய ரகம். கோடே இல்லாமல் வழவழவென்று, தொட்டால் மெத்தென்று. இன்னொன்றில் கோடுகள் ஆழமாக, ஓரம் தடித்து. மூன்றாவது சாதாரண டயர், சின்னவள் ஓட்டும் வேனில் இருப்பது மாதிரி.

"இதுல எது ரோட்டைப் பிடிக்கும்?"

"எல்லாம்தான் பிடிக்கும். எப்ப விடும்னு கேளு."

கேட்டேன்.

"உன் பெரிய பொண்ணு எடுத்த ரகம் சூடேறினா பசை மாதிரி ஒட்டும். அதுக்கு மிஞ்சின டயர் இல்ல. ஆனா சூடேத்தத் தெரியணும். ஆறிக் கிடந்தா வழுக்கும். தண்ணி கிடந்தா கேக்கவே வேணாம். அதுவும், விடறப்ப சொல்லாம விடும். பழகின கைக்குத்தான் அது முன்னாடியே தெரியும்."

"இந்தக் கோடு போட்டது?"

"இதுவும் வேகத்துக்குன்னு பண்ணினதுதான். அதைவிட ரெண்டு மூணு செகண்ட் லேட்டாகும். ஆனா இது கத்தும் தங்கச்சி. வளைவுல தாங்க முடியலைன்னா முதல்ல கீச்சுன்னு கத்தும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கும். அதுக்கப்புறம்தான் விடும். ஓட்டறவ காலை எடுக்கறதுக்கு நேரம் குடுக்கும்."

மழை பெய்தாலும் ஓடுமா, எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்க வேண்டும் என நினைத்துப் போயிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சாப்பாட்டு டப்பாதான் கண்ணில் நின்றது. மூடியைப் பிடித்த கை. ஒரு முனகல் இல்லை. பக்கத்தில் ஆறு பேர் இருந்தும் ஒருத்தருக்கும் தெரியாமல்.

"கத்தறதையே குடுங்கண்ணே" என்றேன்.

அவர் காரணம் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அளவு எழுதினார். முன்னால் கொஞ்சம் ஒல்லி, பின்னால் அகலம்.

ஆகஸ்ட் 27

சின்னவளிடம் சொன்னேன். கோபத்தில் குதித்தாள்.

"அக்கா செத்தாலும் இதை எடுக்க மாட்டா!" என்று சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியும். ஆனா ஓட்டப்போறது நீ. நீ அக்கா இல்லை."

சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. பெற்ற பிள்ளையிடம் சொல்கிற பேச்சா? அவள் மெதுவாக, "அதைத்தாம்மா பதினாலு மாசமா உனக்குச் சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

உன் சட்டைகளை அவளுக்குப் போட்டு அழகு பார்த்ததை நினைத்தேன். அவள் இருமினால் உன் இருமல் என்று நினைத்துத் திரும்பியதை. உன் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டு, அவளும் 'என்னம்மா' என்று கேட்டதை. எத்தனை தடவை!

தண்ணீர் வேண்டும் என்று என்னிடமே கேட்டாள்.

செப்டம்பர் 6

கடைக்காரர் ஷெட்டுக்கே வந்து டயரை மாட்டிவிட்டார். பக்கவாட்டில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்து நாலையும் நானே சரிபார்த்தேன். கடைக்காரர், "மாமியார்கூட இப்படிக் குத்தம் பாக்க மாட்டாங்க போ" என்றார். கட்டையை எடுத்ததும் வண்டி ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தது. அப்பா வெளியே போய்விட்டார்.

எண்ணெய் ஊறின நாலையும் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். சின்னவள் சம்மதித்துத்தான்.

செப்டம்பர் 11

மூன்று நாளாக மழை. நிற்கட்டும். நிற்காமல் பெய்யட்டும். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மழை விட்டிருந்தது. தரை மட்டும் அங்கங்கே ஈரம்.

கடைசி வளைவுக்கு எதிரே, கயிறு கட்டியிருந்த இடத்தில், ஈரக் காற்றுக்கு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா ஓரிடத்தில் நிற்கவில்லை, டீ வாங்கப் போகிறேன் என்று மூன்று தடவை போய் வெறுங்கையோடு வந்தார். பதினாலு வண்டி. நம்முடையது ஒன்பதாவதாக வந்தது.

தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. வளைவில் திரும்பும்போது கத்தியது பார்! பக்கத்தில் இருந்தவர்கள் 'ஐயோ' என்றார்கள். பின்பக்கம் கொஞ்சம் விலகுவது எனக்கே தெரிந்தது. "காலை எடுடி, காலை எடு" என்று நான் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, அப்பாதான் பிற்பாடு சொன்னார். அவள் எடுத்துவிட்டாள். சத்தம் அடங்கி, வண்டி நேரானது, போய்விட்டது. என் உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.

பதினாலு பேரில் பதினோராவது. நீ மூன்றாவது வருவாய் என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "அடுத்த மாசமும் பேர் குடுத்துட்டேன்மா" என்றாள். இந்தத் தடவை நான் கத்தவில்லை. "தரை காஞ்சிருக்கான்னு பாத்துக்கோ" என்றேன்.

திரும்பி வரும்போது என்னைத்தான் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தாள். அப்பா வேனில் பின்னால் வந்தார். பாதி வழியில் சொன்னாள்: "அந்த வளைவுல கத்துச்சில்ல, அப்ப பயந்துட்டேன்மா. கண்ணு தானா கயித்துப் பக்கம் போச்சு. உன் நீலக் கோட்டு தெரிஞ்சுது. அப்புறம் ஒண்ணுமில்ல, நேரா வந்துட்டேன்."

நீ ஓட்டின நாலு வருஷத்தில் நான் ஒரு ஞாயிறுகூட வந்ததில்லை. பார்க்கப் பயம் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டேன். நீ வா என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாய் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

கட்டெறும்பு, அந்த வளைவில் திரும்பும்போது நீ கயிற்றுப் பக்கம் யாரைத் தேடினாய்?