அருவியிலிருந்து திரும்பிய வழி

இன்று காலை கச்சிராயபாளையம் சாலையோரம் ஒரு புளியமரத்தைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். பச்சை மர வாசனை பஸ்ஸுக்குள் ஏறியதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வாந்திதான் வரப்போகிறது என்று பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலை விட்டுக் கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும்? நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

கள்ளக்குறிச்சியில் ஒரே மெக்கானிக் கடையில் நாம் வேலை பார்த்த காலம். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். எந்தச் சாலையில் எப்போது மறியலுக்கு மரம் விழும் என்று யாருக்கும் தெரியாது. கடையை அடைக்கச் சொன்ன அன்று, பழுது பார்த்து வைத்திருந்த மொபெட்டை நீ வெளியே தள்ளினாய்.

"வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற? வா, பெரியார் அருவிக்குப் போலாம். யாரு கேட்டாலும் வண்டிய டிரையல் பாக்குறோம்னு சொல்லிக்கலாம்."

எனக்குத் தண்ணீரென்றால் ஆகாது. முழங்காலளவு நீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். நீயோ பாசி வழுக்கும் பாறையில் தொற்றி ஏறினாய். "உசுருக்கு நான் கேரண்டி, வாடா!" என்று கத்திவிட்டு மேலிருந்து குதித்தாய். வெகுநேரம் உன் தலை தெரியவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். தள்ளிப் போய் எழுந்து நீ இளித்தபோது, அழுதுகொண்டே திட்டினேன். அன்றைக்கான பயம் அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

மலையிறங்கி வந்தால் சாலையின் குறுக்கே மரம். சுற்றிலும் கோடாரியோடு ஆட்கள். உன் சாதி ஆட்கள். நான் காலனிக்காரன். ஏதோ ஓர் ஊரில் காலனி வீடுகள் எரிந்த சேதி அந்த வாரம்தான் வந்திருந்தது.

"எந்த ஊருப்பா? எந்தத் தெரு?"

நீ உன் தெருவைச் சொன்னாய். கேட்டவர் பார்வை என் பக்கம் திரும்பியது. "இவரு?"



"எங்க மாமா. அக்கா வூட்டுக்காரு" என்றாய். உனக்கு அக்காவே கிடையாது.

"மாமாவா? அப்ப அவரும் ஒரு வெட்டு வெட்டிட்டுப் போகட்டும்" என்று கோடாரியை என் கையில் திணித்தார்கள். ஓங்கினேன். அது சறுக்கி என் கால் விரலை ஒட்டி மண்ணில் இறங்கியது.

"மாமியா வூட்டுச் சோறு ஜாஸ்தி போல, கை ஒதறுது பாரு!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

எல்லோரையும் விட நீதான் உரக்கச் சிரித்தாய். ஆனால் என் முதுகில் இருந்த உன் கையும் உதறிக்கொண்டுதான் இருந்தது.

அதிலிருந்து கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் "மாமோவ்!" என்பாய். பதிலுக்கு மச்சான் என்று கூப்பிட ஆசைதான். உன் தெருக்காரர் யாராவது நிற்கிறார்களா என்று முதலில் கண் தேடும். பிறகு சும்மா தலையாட்டிவிட்டுப் போவேன். "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்வாய்.

போன மாதம் உன் சாவுக்கு மாலையோடு உன் தெருவுக்குள் வந்தேன். அதுதான் முதல் தடவை. பந்தலில் இருந்த பெரியவர் நிறுத்தினார்.

"யாருப்பா? இவருக்கு நீ இன்னா வேணும்?"

சிநேகிதன் என்றுதான் சொல்ல நினைத்தேன்.

"எங்க மச்சான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எந்தத் தெரு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்ன சொல்வாரோ என்று நான் காத்திருக்கவில்லை. உன் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து யாராவது சட்டையைப் பிடிப்பார்களோ என்று தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, மச்சான்.