ரோத்தானுக்கு எட்டாத தூரம்

1909 மே 6, வியாழன்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: என் மகன் ரவூப், மருமகள் ஆமினா பீவி, பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் சேக் தாவூது, அவர் மகள் பரீதா, துஆ ஓத வந்த ஒலி முகம்மது லெப்பை, அடுத்த தெருவில் ஓதிக்கொடுக்கும் சம்சுன்னிசா, குர்ஆன் ஓதி முடித்த பதுருன்னிசா. என்னிடம் ஓதும் மற்றப் பிள்ளைகள் இருபத்தைந்து பேர். எனக்கு மறக்காது. ஆனாலும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் ‘நான் அங்கே இல்லையே’ என்று சொல்லிவிடக் கூடாது.

என் பள்ளியில் ஒரு வழக்கம். ஓதி முடித்த பிள்ளையை, ஓதிக்கொடுத்த நானே கையைப் பிடித்து, அதன் வீடு வரை நடத்திப் போய் உம்மாவிடம் ஒப்படைப்பேன். பதினெட்டு வருஷத்தில் நாற்பத்தொரு பிள்ளை ஒப்படைத்தவள். இன்று துஆ முடிந்ததும் எழுந்தேன் — எழவில்லை. கால் இரண்டும் வேறு யாருடையதோ போலக் கிடந்தன. மறுபடி ஊன்றினேன். பாய்தான் நகர்ந்தது.

யாரோ சிரித்தார்கள்.

சம்சுன்னிசா வந்து, “பிஸ்மி சொல்லுங்க ராத்தா” என்று எல்லோர் முன்னாலும் கை கொடுத்து, அரிசி மூட்டையைத் தூக்குவது போல் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். அதோடு விட்டாளா? பதுருன்னிசா கையைப் பிடித்துக்கொண்டு அவளே நடந்தாள். ஜாலான் புசார் தெரு முழுக்கப் பார்த்திருக்கும்.

சிரித்தது யார்?

மே 8, சனி

ரவூப் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் துரைசாமியைக் கூட்டி வந்தான். அவர் என் காலைக் கட்டைவிரலால் அமுக்கினார். பிசைந்த மாவில் விழுவது போல் குழி விழுந்தது.

“பாயம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார்றீங்க?”

விடியற்காலை சுபுஹுக்குப் பிறகு ஒரு கூட்டம், பத்து மணிக்குப் பெண்பிள்ளைகள், அஸருக்குப் பிறகு மறுபடி ஒரு கூட்டம். தொழுகையும் இப்போது உட்கார்ந்தபடிதான் என்றேன்.

“கடைசி வரிசைப் பிள்ளை தப்பா ஓதினா எந்திரிச்சுப் போவீங்கள்ல?”

என் பிரம்பை, ரோத்தானைக் காட்டினேன். ஐந்து முழம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடத்தின் மூலை வரைக்கும் எட்டும். அதைப் பார்த்து மனுஷர் ஓரடி பின்னால் போனார்.

“உங்களுக்குத் தேகப்பயிற்சி வேணும். தினம் ஒரு மைல் நடக்கணும். இல்லேன்னா ஆறு மாசத்துல எந்திரிக்கவே மாட்டீங்க.”

தேகப்பயிற்சியாம். அது கோட்டைச் சிப்பாய் செய்வது. எனக்கு அதற்கு நேரம் எங்கே? அவரா வந்து ஓதிக்கொடுப்பார்?

கதவோரம் நின்று பரீதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயசு. பாடத்தைத் தவிர மற்றதெல்லாம் அந்தக் காதில் ஏறும்.

மே 10, திங்கள்

முதல் கூட்டம் போனதும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மருமகளோடு நடக்கக் கிளம்பினேன். பத்து வீடு தாண்டவில்லை. “உஸ்தாத்பி வந்திருக்காங்க! வாசலோட போனா எப்படி?” என்று உள்ளே இழுத்தார்கள். ஓதிக்கொடுப்பவள் வாசலில் நின்றுவிட்டுப் போனால் பிள்ளைக்கு ஆகாதாம். தேத்தண்ணி, இடியாப்பம். அடுத்த வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அங்கே வட்டிலப்பம். அதற்கடுத்த வீட்டில் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, நான் வாயைத் திறக்கும் முன்பே அதை நாலு சாத்துச் சாத்திவிட்டு எனக்குப் பாயசம் கொடுத்தார்கள்.

போக வர அரை மைல் இருக்கும். ஏழு வீட்டில் பசியாறியாயிற்று. திரும்பி வர ரிக்‌ஷா பிடித்தோம்.

மே 11, செவ்வாய்

வயிறு சரியில்லை. நடக்கவில்லை.

மே 14, வெள்ளி

பள்ளி விடுமுறை. சேக் தாவூது வந்தார்.

“மாமி, இனி நீங்க ஓய்வா இருங்களேன். பிள்ளைங்களைச் சம்சுன்னிசாகிட்ட அனுப்பலாம்னு பேசிக்கிறாங்க.”

‘பேசிக்கிறாங்க’ என்றால் இவர்தான் பேசியிருக்கிறார். இவர் நிக்காஹ்வுக்கு என் வெள்ளித் தட்டை இரவல் வாங்கி நசுக்கித் திருப்பிக் கொடுத்தவர். பதினோரு வருஷம் ஆகிறது. தட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, நசுங்கியபடியே.

சொன்னேன்: “உங்க பரீதா அம்ம ஜுசு முடிக்கட்டும். அன்னிக்கு அவளை உங்க வீடு வரைக்கும் நானே நடத்திக்கிட்டு வரலைன்னா, பாயைச் சுருட்டி நானே சம்சுன்னிசாகிட்ட கொடுத்திடுறேன்.”

அவர் வீடு சிரங்கூன் ரோட்டுக்கு அந்தப் பக்கம், முக்கால் மைல். ஆனால் மனுஷர் தூரத்தை நினைக்கவில்லை. “பரீதாவா? அப்ப ரொம்ப நாள் இருக்கு மாமி!” என்று வாய்விட்டுச் சிரித்தார். குர்ஆனில் சின்னப் பிள்ளைகள் முதலில் ஓதும் அந்த அம்ம ஜுசுவில் இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறாள்.

அன்றைக்குச் சிரித்தவர் இவரோ? இல்லை. இது தொந்தியிலிருந்து வரும் சிரிப்பு. அது மூக்கால் சிரித்த சிரிப்பு.

மே 18, செவ்வாய்

குதிரைப் பந்தயத் திடல் பக்கம் என் பிள்ளைகள் வீடு ஒன்றும் இல்லை. அங்கே போனோம். வடிவேலு என்ற குதிரைக்காரர் ஒரு குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். அதுவும் என்னைப் போலவே காலை இழுத்தது.

“இதுக்கும் கால் வீக்கந்தான் பாயம்மா. கொட்டில்லயே நின்னா கால் போயிடும். துரை தினம் ரெண்டு வேளை நடத்தச் சொல்லியிருக்காரு.”

நடத்த ஒரு ஆள், தண்ணி காட்ட ஒரு ஆள், தேய்த்துவிட ஒரு ஆள். கொட்டிலில் ஓதக் காத்திருக்கும் பிள்ளைகளும் இல்லை. கொடுத்துவைத்த குதிரை.

இரண்டு பேரும் பக்கம் பக்கமாக ஒரு சுற்று வந்தோம். அது முந்திக்கொண்டது.

வீடு திரும்பினால் பத்து மணிக் கூட்டம் கூடத்தைத் தலைகீழாக்கி வைத்திருந்தது. என் பாயில் பரீதா உட்கார்ந்து என்னைப் போல இருமிக் காட்டிக்கொண்டிருந்தாள். இனி அங்கே போவது வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாள்?

மே 20, வியாழன்

கொட்டில்லயே நின்னா கால் போயிடும். இரண்டு நாளாக அதே நினைப்பு. என்னைக் கொட்டிலில் கட்டிப் போட்டது யார்?

ரவூபை அரிவாள்மனை எடுத்துவரச் சொல்லி ரோத்தானை ஒரு முழமாக வெட்டினேன். “உம்மா, புத்தி கலங்கிடுச்சா?” என்றான். பிள்ளைகளுக்குப் பெருநாள் வந்த மாதிரி.

மே 22, சனி

இனி எந்தப் பிள்ளை தப்பாக ஓதினாலும் நான் எழுந்து அதன் இடத்துக்கே போகிறேன். முதல் நாள் சுவரைப் பிடித்து. பிள்ளைகளின் பெருநாள் முடிந்தது — தூரத்து ரோத்தானை விடப் பக்கத்து ரோத்தான் பொல்லாதது என்று கண்டுகொண்டார்கள்.

ஒன்று புரிந்தது. நன்றாக ஓதும் பிள்ளைகளால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பரீதா ஒருத்திக்கே பதினேழு தடவை எழுந்தேன். அவளை மூலைக்கு மாற்றி உட்கார வைத்தேன்.

ஜூன் 3, வியாழன்

சிரித்தது யார் என்று விசாரணை. ஒலி முகம்மது லெப்பைக்குப் பல் இல்லை; சிரித்தால் காற்றுத்தான் வரும். மருமகள், “அது டிராம் மணி மாமி” என்கிறாள். டிராம் எப்போது மூக்கால் சிரித்தது? ரவூப் சத்தியம் செய்கிறான். ஆறு வயசில் சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை என்று இதே முகத்தோடுதான் சத்தியம் செய்தான்.

ஜூன் 12, சனி

பரீதா இருபத்திரண்டு தடவை. அல்லாஹ் அவள் அறிவை இப்படியே வைத்திருக்கட்டும். — இப்படி எழுதலாமா? எழுதியாயிற்று.

ஜூன் 25, வெள்ளி

திடலை முழுசாக ஒரு சுற்று, எங்கும் நிற்காமல். குதிரையை முந்தினேன். வடிவேலு, “பாயம்மா, அடுத்த பந்தயத்துக்குப் பேரு கொடுத்துடவா?” என்றார். வெட்கமாக இருந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஜூன் 26, சனி

மூலையில் பரீதா ஆரம்பித்தாள். எழத் தயாராகக் கையை ஊன்றினேன். தப்பே வரவில்லை. கடைசி வரை ஓதி முடித்தாள், தண்ணீர் ஓடுவது போல.

“எப்படீ?”

“முன்னாடியே தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க ரோத்தானை வெட்டினீங்கள்ல, அப்புறம் பக்கத்துல வந்து வந்து சொல்லிக்கொடுத்தீங்க. அப்பவே வந்துடுச்சு.”

“பிறகு ஏன்டி தப்பா ஓதினே?”

“நடக்கலைன்னா எந்திரிக்கவே மாட்டீங்கன்னு அந்த டிரஸ்ஸர் சொன்னாரே. நேத்து நீங்க குதிரையை முந்திட்டீங்களாம். வாப்பா சொன்னாங்க. இனிப் போதும்தானே?” பிறகு தலையைக் குனிந்து, “அன்னிக்குச் சிரிச்சதும் நான்தான் உஸ்தாத்பி. பாயும் உங்களோடவே வந்துச்சு.” சொல்லும்போதே மூக்கால் சிரித்தாள்.

ரோத்தானை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 1, வியாழன்

பரீதாவின் துஆ. அன்று இருந்த அத்தனை பேரும் இன்றும் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டேன். லெப்பை ஆமீன் சொல்லி முடிக்கும் முன்பே சம்சுன்னிசா இடத்தை விட்டு எழுந்து, “பிஸ்மி சொல்லுங்க ராத்தா” என்று கையை நீட்டிக்கொண்டு வந்தாள். வந்து சேர்வதற்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அதில் வைத்தேன்.

முக்கால் மைல். பரீதா கையைப் பிடித்து நடந்தேன். வழியில் நாலு வீட்டில் கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. சேக் தாவூது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். “உங்களுக்கும் தேகப்பயிற்சி வேணும்” என்றேன்.

சிரித்தவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போயாயிற்று. அந்தக் கணக்கு முடிந்தது. சேக் தாவூது கணக்கில் நசுங்கின தட்டு ஒன்றுதான் பாக்கி, அதுவும் பெருநாளோடு போகட்டும். ஆனால் ஊர் பார்க்க என்னைத் தூக்கி நிறுத்தினாளே — அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். சம்சுன்னிசா.