திருத்தி எழுதிய கடிதம்

அக்கா,

இன்று காலை பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘மை ஃபாதர் இஸ் இன் கட்டார் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். சிவப்புப் பேனை வழக்கம்போல வெட்டப் போனது. வெட்ட முடியவில்லை. நான் எத்தனை தரம் சொன்னாலும் நீங்களும் இதே பிழையைத்தான் விடுவீர்கள்.

அந்த நாளில் வன்னியின் ஜெயபுரத்தில், முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த உங்கள் ஆட்களின் கொட்டில்களுக்கு நடுவே, மரத்தடியில் நான் ஆங்கிலம் படிப்பித்தேன். எனக்கு இருபத்தாறு வயது; தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால், என்னைவிட இருபது வயது மூத்த நீங்கள் சாக்கு விரித்து உட்காருவீர்கள். “என்ரை மனுசன்ரை லோயருக்குத் தமிழ் தெரியாது தம்பி. வேறை ஆரையும் கொண்டு எழுதுவிச்சா என்ரை கதை அதிலை வராது. நானே எழுதவேணும்” என்றீர்கள்.

கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போன உங்கள் கணவரை, அண்ணையை, புலி என்ற சந்தேகத்தில் பொலிஸ் லொட்ஜில் வைத்துப் பிடித்து, உள்ளே போட்டு எட்டு மாதம். அவர் கடலுக்குப் போகிறவர், வேறொன்றுமில்லை என்று வழக்குக்கு முன்னர் லோயர் அறியவேண்டும். உங்களுக்கோ வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைக்கவில்லை. பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் போகிற யாராவது கையோடு கொண்டுபோய் அங்கே தபாலில் போட்டால், உங்கள் கடிதமாவது போகும்.

மூன்று தரம் எழுதினீர்கள். மூன்று தரமும் ஒற்றைத் தாளைச் சிவப்பாக்கினேன். “இதென்ன தம்பி, மீன் வெட்டின பலகை மாதிரிக் கிடக்கு!” என்று சிரித்தீர்கள். நாலாவதில் இரண்டே பிழை. “விளங்கும்தானே? குடுத்துவிடுங்கோ” என்றீர்கள். அடுத்த நாள் விடிய, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு பெரியவர் வவுனியாவுக்குப் புறப்பட இருந்தார். ஓம் என்று வாங்கிக்கொண்டேன்.

கொடுக்கவில்லை, அக்கா. என்னிடம் படித்தவரின் கடிதம் பிழையோடு கொழும்புக்குப் போவதா! நானே துப்புரவாகப் படியெடுத்து, அடுத்த கிழமை போகிறவரிடம் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கிழமைக்குள் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது.

“குடுத்தனீங்களோ?”

“ஓம் அக்கா.”

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்தப் பொய்! அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிய, “மறுமொழி ஒண்டும் வரேல்லையோ தம்பி?” என்று கேட்பீர்கள். ஓடவும் இடமில்லை. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பூட்டின பாதை, நடுவில் உங்கள் கேள்வி. “அவருக்கும் ஆயிரம் வேலை இருக்கும், பாவம்” என்று எனக்கே ஆறுதல் சொல்வீர்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொல்லவில்லை. அந்த மாரியில் மலேரியா வந்து, மருந்தில்லாமல், ஐந்தே நாளில் போய்விட்டீர்கள்.

அண்ணையை விட்டது அதற்கும் ஒன்றரை வருடம் கழித்து. நேரே உங்கள் கல்லறைக்குத்தான் கூட்டிப்போனேன். “அவா ஏன் தம்பி லோயருக்கு ஒரு வரி எழுதேல்லை? எழுதியிருந்தா நான் எப்பவோ வந்திருப்பன்” என்றார்.

“எழுதினவா அண்ணை. பாதை பூட்டு, போய்ச் சேரேல்லை” என்றேன்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது இலகு, நீங்கள் திருப்பிக் கேட்கமாட்டீர்கள். அண்ணை கடற்கரையில்தான் இருக்கிறார். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. ஞாயிறுகளில் போய் அவரோடு தேத்தண்ணி குடிக்கிறேன். போகும்போது உங்கள் கையெழுத்தில் அந்த நாலாவது கடிதம் என் சட்டைப் பையில் இருக்கும். திரும்பி வரும்போதும் இருக்கும்.